வீட்டோடு மலையேறலாமா?



அமெரிக்க நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கோடை விடுமுறை வந்ததும் கூடாரத்தையும் சமையல் பாத்திரங்களையும் காரில் ஏற்றிக்கொண்டு, மனதுக்குப் பிடித்த மலையொன்றில் சில நாள் தங்குவார்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கே போவார்கள். வயது ஏறியபின் சிலர் கூடாரத்தை விட்டு, மோட்டார் வீடு ஒன்றை வாங்கிக்கொள்கிறார்கள். கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை யாவும் அடங்கிய, சக்கரம் பூட்டிய வீடு அது. இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வீட்டை விட்டுச் சில நாள் இருப்பதற்காகத்தானே மலைக்குப் போகிறோம்? அந்த வீட்டையே உடன் கொண்டுபோனால், போனதன் பலன் கிடைக்குமா?

பழைய ஏற்பாட்டிலே சர்வேசுரன் இஸ்ராயேல் மக்களுக்குக் கூடாரத் திருநாளைக் கட்டளையிட்டார். சொந்த வீடு உள்ளவனும் ஆண்டில் ஏழு நாள் தழைக் குடிசையில் தங்கவேண்டும். எகிப்திலிருந்து மீட்கப்பட்ட முன்னோர் வனாந்தரத்தில் கூடாரங்களில் வாழ்ந்ததைச் சந்ததியார் மறவாதிருக்கவே இந்த ஏற்பாடு. கல்வீட்டில் வசிப்பவனுக்குத் தன் சுவர்களே தன்னைக் காப்பதாகத் தோன்றும். தழைக் கூரையின் கீழ்ப் படுத்தவனுக்கோ, உண்மையில் காப்பவர் யார் என்பது விளங்கும்.

அப்படியானால் மோட்டார் வீடு தவறா? அன்று. பொருள் எதுவும் தன்னிலே தீமையல்ல; அதை உபயோகிக்கும் விதத்திலேயே நன்மை தீமை உண்டு. தரையில் படுத்து எழ முடியாத பாட்டியும், குளிரில் வைத்த மருந்து தினமும் தேவைப்படும் பிள்ளையும் அந்த வண்டி இல்லாவிட்டால் மலையையே காணமாட்டார்கள். அவர்களுக்கு அது பிறர்சிநேகத்தின் கருவி. ஆனால் அதே வண்டியின் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ஊரில் பார்த்த படங்களையே அங்கும் பார்த்துக்கொண்டிருப்பவன், மலைமேல் நின்றாலும் மலைக்கு வந்தவனல்லன். வசதி நம்மை வாசல்வரை கொண்டுவந்து விடுகிறதா, அல்லது வாசலையே அடைக்கிறதா என்று பார்த்தால் போதும், உண்மை தெரிந்துவிடும்.

கொலராடோ மாநிலத்தில் 1915-ஆம் ஆண்டு ஏற்பட்ட ராக்கி மலைத் தேசியப் பூங்காவைப் பாருங்கள். அங்குள்ள கூடாரத் திடல்களில் மோட்டார் வீடுகளுக்கும் இடம் உண்டு. ஆனால் பெரும்பாலான இடங்களில் மின்சார இணைப்பும் தண்ணீர் இணைப்பும் கிடையா. மின்சாரம் உண்டாக்கும் இயந்திரத்தைக் குறித்த நேரங்களில் மட்டுமே ஓட்டலாம். இது நியாயமான ஏற்பாடு. பக்கத்துக் கூடாரத்தில் படுத்திருப்பவனுக்கும் அந்த இரவின் அமைதியில் பங்குண்டு அல்லவா?

அந்தப் பூங்காவில் சுமார் 8,500 அடி உயரத்தில் கிளேசியர் பேசின் என்னும் திடல் இருக்கிறது. ஒரு காலத்தில் பைன் மரங்கள் அடர்ந்திருந்த இடம். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் பட்டையைத் துளைக்கும் ஒரு சிறு வண்டு அம்மலைகளின் மரங்களை ஏராளமாகக் கொன்றது. வறட்சி மரங்களைப் பலவீனப்படுத்தியது; வண்டுகளைக் கொல்லும் கடுங்குளிரும் குறைந்துபோயிற்று. பட்ட மரங்களை அகற்றியதால், திடலின் சில பகுதிகள் வெட்டவெளியாயின. பழைய நிழலைத் தேடித் திரும்பி வருகிறவன், “என் இடம் போயிற்றே” என்று வருந்துவது இயற்கையே. ஆனால் அது எப்போது அவன் இடமாயிருந்தது? முதல் ஆண்டும் அவன் விருந்தாளி, இந்த ஆண்டும் விருந்தாளி. விருந்தாளி சென்ற ஆண்டின் பந்தியைக் கேட்டு வழக்காடுவதில்லை. இன்று இட்டதற்கு நன்றி சொல்கிறான். அதோடு ஒன்றையும் யோசிக்கிறான். குளிர் குறைவதற்கு மனிதர் எரிக்கும் எண்ணெயும் நிலக்கரியும் காரணம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். பெரிய வண்டியோ மிகுந்த எண்ணெய் குடிக்கும். நான் நேசிக்கும் மலைக்கு நானே பாரமாகலாமா? இதைக் கேட்காத அன்பு, அன்பின் பாதியே.

தாபோர் மலையில் நடந்ததை நினைவுகூருவோம். ஆண்டவர் மறுரூபமானதைக் கண்ட அர்ச். இராயப்பர், அங்கேயே மூன்று கூடாரம் அமைக்க விரும்பினார்: சேசுநாதருக்கு ஒன்று, மோயீசனுக்கு ஒன்று, எலியாசுக்கு ஒன்று. தமக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு நல்ல மனதுடையவருக்குக்கூட அந்த இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆண்டவர் இடங்கொடுக்கவில்லை. கீழே நோயுற்ற மகனோடு ஒரு தகப்பன் காத்திருந்தான். அவனிடம் போகவேண்டியிருந்தது.

அந்த ராக்கி மலைப் பூங்காவின் அருகே, மீக்கர் சிகரத்தின் அடியில், பாறைமேல் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அது சியன்னா நகர் அர்ச். கத்தரீனம்மாள் பெயரால் விளங்குவது. 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் ஓய்வுக்காக அங்கே சென்றார், மலைப்பாதையில் நடந்தார். பின்பு, டென்வர் நகரில் தமக்காகக் காத்திருந்த இளைஞரிடம் திரும்பினார்.

ஆகையால் குடும்பத்தாரே, உங்களுக்குப் பிரியமான மலைக்கு மீண்டும் போங்கள். கூடாரத்தோடு போனாலும் சரி, சக்கரம் பூட்டிய வீட்டோடு போனாலும் சரி. மாலையில் கதவைத் திறந்து வெளியே உட்காருங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து ஜெபமாலை சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர்களின் பெயரைக் கேட்டறியுங்கள். வீடு திரும்பியபின், உங்களுக்காகக் காத்திருப்பவரிடம் முன்னிலும் பொறுமையாய்ப் பேசுகிறீர்களா என்று பாருங்கள். பேசினால், நீங்கள் மலைக்குப் போய்வந்தது மெய்.