பூவின் நிறம் யாருடையது?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானுக்கு மாலை தொடுக்க அமரும் அடியார்களுக்கு என்றேனும் ஒரு நாள் ஓர் ஐயம் எழும். பெருமாளுக்கென்று பறித்த பூவை முகரலாகாது என்பது சிறுவயது முதல் நாம் கேட்டு வளர்ந்த நியமம். பூக்கூடையை முகத்துக்கு எதிரே பிடிக்கவும் பெரியோர் விடமாட்டார்கள். மணத்திலிருந்து மூக்கை விலக்கிக்கொள்ளலாம். நிறத்திலிருந்து கண்ணை எப்படி விலக்குவது? மஞ்சள் சாமந்திக்குப் பக்கத்தில் திருத்துழாயை வைப்பதா, மரிக்கொழுந்தை வைப்பதா, வெண்மைக்கு நடுவே செவ்வரளி எத்தனை விரல் இடைவெளியில் வரவேண்டும் என்பதையெல்லாம் கண்தான் தீர்மானிக்கிறது. ஆகவே, பெருமாள் சாற்றிக்கொள்வதற்கு முன்பே மாலையின் அழகைத் தொடுப்பவர் அனுபவித்துவிடுகிறார். அந்த அனுபவம் குற்றமா? குற்றமன்றாயின், எந்த எல்லை வரையில்?

இந்த ஐயம் அடியோமுக்கு எழுந்தது வடசென்னையில். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இக்கடற்கரையில் துறைமுகமும் மீன்பிடித் துறையும் தொழிற்சாலைகளும் சரக்குப் பெட்டக லாரிகளும் உண்டு. நந்தவனத்துக்கு இடம் அரிது. ஆயினும் இந்த மண்ணுக்கும் பேரருளாளனுக்கும் தொடர்பு உண்டு. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட் என்னும் ஆங்கிலேயர் திருவொற்றியூரில் நெசவாளர்களுக்காக ஒரு குடியிருப்பு அமைத்தார். அவர் பெயரால் வழங்கிய காலட்பேட்டையே இன்று காலடிப்பேட்டை. அவரிடம் பணிபுரிந்த வீரராகவன் என்பவர் காஞ்சி வரதனிடம் கொண்டிருந்த பக்தியைக் கண்டு, அவர் பொருட்டு இங்கேயே கல்யாண வரதராஜப் பெருமாள் திருக்கோயில் எழக் காலட் உதவினார் என்பது ஊர் வழக்கு. அடியவன் காஞ்சிக்குப் போக, வரதன் அடியவனுடைய ஊருக்கே வந்தான்.

பூக்களும் இங்கே வெளியூரிலிருந்தே வருகின்றன. கோயம்பேட்டிலிருந்தும், பூக்கடை என்றே பெயர்பெற்ற பாரிமுனைப் பக்கத்திலிருந்தும் விடியலில் வாங்கி வருவது வழக்கம். பருவம் மாறுவதைத் தோட்டத்தில் காணாத நாம் பூக்கூடையில் காண்கிறோம். சித்திரை, வைகாசியில் மல்லிகை குவியும். கூடை முழுவதும் வெண்மை. மார்கழி, தையில் பனியால் மல்லிகை அருகி விலை ஏறிவிடும். அப்போது சாமந்தியின் மஞ்சளும் ரோஜாவின் சிவப்பும் மேலோங்கும். அரளி ஆண்டு முழுவதும் கைகொடுக்கும். மல்லிகை, கனகாம்பரம், மருவு, மரிக்கொழுந்து எல்லாம் கலந்து கட்டிய கதம்பத்தை முழம்போட்டு விற்கும் தெருவோரப் பெண்களின் விரல்களுக்கு, எந்த நிறத்தை அடுத்து எந்த நிறம் வரவேண்டும் என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு மார்கழியில் அடியோம் சிலர் கூடி எங்கள் பகுதித் திருக்கோயில் ஒன்றுக்கு மாலை தொடுத்தோம். மஞ்சள் சாமந்தி, இடையிடையே திருத்துழாய், விளிம்பில் சிவப்பு ரோஜா இதழ், நடுவே ஒரு வெண்தாமரை. மாலை மிக அழகாக அமைந்தது. உடனே கைப்பேசியில் படம் எடுத்து அன்பர்கள் பலருக்கும் அனுப்பினோம். பாராட்டுகள் வந்துகொண்டிருக்கும்போதே, உடனிருந்த பெரியவர் ஒருவர் மெல்லச் சொன்னார்: “ஸ்வாமி, பெருமாள் இன்னும் கடாக்ஷிக்கவில்லையே! அதற்குள் இத்தனை பேர் பார்த்தாயிற்றே!” அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் அன்று மாலையை ஏந்திச் சென்றபோது கை கனத்தது.

பிறகு ஆறுதல் தேடியது மனம். ஆண்டாள் சூடிக் கொடுத்தவள்தானே? பெருமாளுக்குரிய மாலையை முன்னமே அணிந்து, கிணற்று நீரில் தன் அழகைப் பார்த்தவள்தானே? அவள் செய்தது தகுமாயின் அடியோம் செய்ததும் தகும் என்று வாதிடத் தோன்றியது. ஆனால் அவள் எதற்காகப் பார்த்தாள் என்று கேட்டவுடனேயே அந்த வாதம் விழுந்துவிடுகிறது. ‘அவனுக்கு நான் ஒப்பாவேனா’ என்று பார்த்தாள். நீரில் தெரிந்த தன் உருவத்தை அவனுடைய கண்ணால் அளந்தாள். அடியோமோ மாலையைப் பிறர் கண்ணால் அளந்தோம். அவர்கள் வாயிலாக எங்கள் கைத்திறத்தை அளந்தோம்.

அத்திருமாளிகையிலேயே இன்னொரு விந்தையும் உண்டு. திருத்தகப்பனாரான பெரியாழ்வார் திருப்பல்லாண்டில், எம்பெருமான் சூடிக் களைந்த மாலையைச் சூடும் அடியவராகத் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். திருமகளாரோ தாம் சூடிக் களைந்ததை அவனுக்குக் கொடுத்தார். தந்தைக்கு அவன் மாலை முதலில், பிறகு தாம்; மகளுக்குத் தாம் முதலில், பிறகு அவன். முறை தலைகீழ். ஆயினும் இரண்டையும் எம்பெருமான் உகந்தான். எனவே யார் முன், யார் பின் என்பதைவிட, யாருக்காக என்பதே கேள்வி என்று கொள்ளவேண்டும். இதனால் நியமம் தளர்ந்துவிடாது. ஆண்டாளின் நெஞ்சு நமக்கு வாய்க்கும் வரை நியமமே நமக்குக் காவல்.

நிறத்தை ஆண்டாள் எப்படிக் கண்டாள் என்பதற்கு நாச்சியார் திருமொழியின் ஒன்பதாம் திருமொழி சான்று. மழைக்காலத் திருமாலிருஞ்சோலை அங்கே விரிகிறது. சிந்தூரப் பொடி சிந்தினாற்போல எங்கும் செந்நிற இந்திரகோபப் பூச்சிகள். வெண்பல் தெரியச் சிரிப்பதுபோல் முல்லைகள். நீலக் கருவிளை, காயா மலர்கள். பருவத்தின் வண்ணச் சேர்க்கையை இவ்வளவு கூர்ந்து நோக்கியவர் சிலரே. ஆனால் பிராட்டிக்கு அதில் ஆறுதல் இல்லை. குயில், மயில், கருவிளை, களங்கனி, காயாம்பூ ஆகிய ஐந்தையும் பெரும் பாதகர் என்றே அழைக்கிறாள். எம்பெருமானுடைய நிறம் உங்களுக்கு எதற்கு என்பது அவளுடைய கேள்வி.

பிரிவாற்றாமையின் சொல் இது. எனினும் இதற்குள் ஒரு தெளிவு இருக்கிறது. அவளுக்கு நீலம் என்பது பூவின் நிறமன்று. அவனுடைய நிறம், பூவிடம் வந்து தங்கியது. உடைமை அவனுடையதாக இருக்க, பூ அதைக் காட்டி நிற்கிறது. இப்படிப் பார்க்கிற கண்ணுக்கு ‘நிறத்தை நான் அனுபவித்தேன்’ என்று சொல்லவே இடமில்லை. கருமுகில் போன்ற திருமேனி, செந்தாமரைக் கண், பவள வாய், பொன்னிறப் பீதாம்பரம், வெண்சங்கு, பச்சைத் திருத்துழாய் என்று ஆழ்வார்கள் காட்டும் சேர்க்கையைத்தான் நாம் வாழைநாரில் சிறிதாகத் தொடுத்துப் பார்க்கிறோம்.

ஆனால் மகிழ்ச்சியே கூடாதோ? பூவும் சந்தனமும் போலப் பிறர்க்கென்றே இருப்பது நம் ஸ்வரூபம் என்று பெரியோர் அருளிச்செய்வர். பூவுக்கு அறிவில்லை, தான் அழகு என்று அதற்குத் தெரியாது. நமக்கோ அறிவு உண்டு. அறிவுள்ளவன் அறிவற்ற பொருளைப்போல் எப்படி இருப்பது? குலசேகரப் பெருமாள் இதற்கு வழிகாட்டியிருக்கிறார். பெருமாள் திருமொழியின் நான்காம் திருமொழியில் திருவேங்கடத்துச் செண்பக மரமாய் நிற்க ஆசைப்பட்டவர், பின்னர் அங்கே படியாய்க் கிடக்க ஆசைப்படுகிறார். ஆனால் படியாய்க் கிடந்தும் அவனுடைய திருவாயைக் காணவேண்டும் என்கிறார். பிறர் காலடி படக் கிடப்பதில் அசேதனம். கண்டு களிப்பதில் சேதனன். அவனுக்கு என்று இருப்பதில் பூவைப்போலவும், அவன் உகப்பைக் கண்டு உகப்பதில் உயிருள்ளவராகவும் இருக்கச் சொல்கிறது அந்த ஆசை.

பிள்ளை உலகாசிரியர் முமுக்ஷுப்படியில் கைங்கர்யத்துக்கு உண்டாகும் களையைப் பற்றிப் பேசுகிறார். தனக்கென்று செய்வதே அக்களை. களை என்ற சொல் நந்தவனத்துக்கு மிகப் பொருந்துவது. களை வெளியிலிருந்து வந்து தாக்குவதன்று; பூச்செடிக்கு ஊற்றிய நீரையே குடித்துப் பூச்செடியின் காலடியிலேயே வளர்வது. மாலை நன்றாக அமைந்ததில் பிறந்த மகிழ்ச்சி பயிர். ‘என் மாலை’ என்றது களை. இரண்டும் ஒரே நொடியில் முளைத்தன. அதனால்தான் அடியோமுக்கு அன்று வேறுபாடு தெரியவில்லை.

களைக்கு அஞ்சிப் பயிரைக் கைவிடுவதும் தகாது. எப்படித் தொடுத்தாலும் பெருமாள் ஏற்பார் என்று அக்கறையின்றித் தொடுப்பது அடக்கம் ஆகாது. பெரியாழ்வார் கண்ணனுக்குப் பூச்சூட்ட அழைக்கும் திருமொழியில் செண்பகம், பாதிரி, செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை என்று தேர்ந்து தேர்ந்து வைத்திருக்கிறார். திருமலையில் எம்பெருமானார் நியமனத்தால் நந்தவனம் அமைத்த அனந்தாழ்வான், மாலை தொடுக்கும் வேளையில் திருவேங்கடமுடையானே அழைத்தபோதும் எழாமல் தொடுத்து முடித்தே சென்றார் என்பது ஐதிஹ்யம். தரிசனம் தமக்கு இனியது, மாலையோ அவனுக்கு. கூர்ந்த கவனம் முழுவதும் அவன் பக்கமே நின்றதால் அங்கே களை முளைக்க இடமில்லை.

கடல்கடந்த நாடுகளில் வாழும் அடியார்களுக்கும் இது பொருந்தும். அங்கே வசந்தத்தில் பூப்பவை வேறு, இலையுதிர் காலத்து நிறங்கள் வேறு. எவை சாற்றத்தக்கவை என்பதை அவரவர் ஆசாரியர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். சாற்றத் தகாத பூவாயினும், அதன் நிறத்தைக் கண்டு அவனை நினைக்க எவரையும் கேட்கவேண்டியதில்லை.

நம்மை நாமே சோதிக்க அடியோம் கைக்கொண்ட வழி எளியது. வேறொருவர் தொடுத்த மாலை நம்முடையதைவிட அழகாக அமைந்து, அன்று பெருமாள் அதைச் சாற்றிக்கொண்டால் நமக்கு உகப்பு உண்டாகிறதா? உண்டாயின், கண்ட அழகு அவனுக்காகக் கண்டது. நெஞ்சு சற்றே சுருங்கினால், களை இன்னும் இருக்கிறது. அடியோம் பல நாள் சுருங்கியிருக்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இப்போது மாலையைப் படமெடுப்பதில்லை.

எண்ணூர்ப் பக்கம் வேலியோரங்களில் சங்குப்பூக் கொடி படர்ந்திருக்கும். பிராட்டி பாதகர் என்றழைத்த கருவிளை அதுதான். கோடையில் அதன்மேல் சாம்பலும் புழுதியும் படிந்து நீலம் தெரியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவிய துயரை இப்பகுதி மக்கள் மறக்கவில்லை. அவன் நிறத்தைத் தாங்கும் நீரும் செடியும் நம் கையால் மாசுபடுவதும் ‘எனக்கு’ என்னும் அதே களையின் பெருவிளைச்சல் அல்லவா? ஒரு மழைக்குப் பின் அவ்வழியே சென்றபோது கொடி கழுவப்பட்டு, நீலம் முழுவதும் வெளிப்பட்டிருந்தது. எவரும் பறிக்காத, எவரும் தொடுக்காத பூ. அடியோம் நின்று பார்த்தோம். அன்று ஐயம் எழவில்லை.

மறுநாள் காலை அர்ச்சகர் முந்தைய நாள் மாலையைக் களைந்து பிரசாதமாகக் கொடுத்தார். சாமந்தி வாடி, ரோஜா கறுத்து, தொடுத்தபோது இருந்த நிறம் ஒன்றும் இல்லை. அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.