அறுபது வரை காத்திருக்க வேண்டுமா?

திருக்கடையூர் கோயிலில் நல்ல நாள் பார்த்துப் போனால், பிரகாரத்தில் மாலையும் கழுத்துமாக வயதான தம்பதிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அறுபது நிறைந்தவருக்குச் சஷ்டியப்த பூர்த்தி, எண்பதைக் கடந்தவருக்குச் சதாபிஷேகம். கலச நீர் ஊற்றி, பேரன் பேத்திகள் சூழ நிற்க, மறுபடியும் ஒரு தாலி. கணவனையும் மனைவியையும் நடுவில் உட்கார வைத்துக் கொண்டாடும் நம் வழக்கங்களில் இதைவிட அழகானது வேறில்லை என்றே நினைக்கிறேன். அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடிக் கடற்கரை. இரண்டு ஊர்களையும் சேர்த்து நினைக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. தங்கள் மணவாழ்வைச் சற்று நின்று பார்க்க ஒரு தம்பதி அறுபது வரை காத்திருக்க வேண்டுமா? பத்தாம் ஆண்டிலோ பதினைந்தாம் ஆண்டிலோ, திருமண நாளை ஒட்டி, இருவர் மட்டும் ஒரு கடலோர ஊரில் இரண்டு நாள் தங்கி வருவது ஆடம்பரமா, அவசியமா? அவசியம் என்பதுதான் என் கட்சி. ஆனால் அதற்குக் காரணம் கடலின் அழகு அல்ல.

காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடம். அந்த 97-ம் வேலையில் கைவைத்த ஆண்களுக்கு மட்டுமான சராசரி. அப்படிக் கைவைத்தவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 26 பேர். பெண்களில் 81 பேர். பெண்ணுரிமை பேசும்போது இந்த எண்களை எடுத்துக்காட்டுவது வழக்கம். கணவன் மனைவிக்கு இடையிலான பேச்சை இவை என்ன செய்துவிடுகின்றன என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். ஐந்து மணி நேர வேலை ஒருவர் தலையில் விழுந்தால், இருவரும் ஒரே வேளையில் ஓய்ந்து உட்காரும் நேரமே அந்த வீட்டில் இராது. அவர் உட்காரும்போது இவள் அடுப்படியில். இவள் உட்காரும்போது அவருக்குத் தூக்கம். இடையில் கிடைக்கும் நிமிடங்களைப் பள்ளிக் கட்டணமும் கேஸ் சிலிண்டரும் மாமியாரின் பிரஷர் மாத்திரையும் எடுத்துக்கொள்கின்றன. அன்பு வற்றியதால் பேச்சு குறைந்தது என்று பலர் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் குறைந்தது நேரம்தான்.

அப்படியானால் வீட்டிலேயே வாரம் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து பேசினால் போதாதா? போதாது என்பதற்கு ஓர் ஆதாரம் உண்டு. சார்லட் ரைஸ்மன், ஆர்தர் ஆரன் முதலிய அமெரிக்க உளவியலாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 53 தம்பதிகள் பங்கேற்றார்கள். பத்து வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், சிலர் தங்களுக்குப் பரபரப்பூட்டும் ஏதாவதொன்றைச் சேர்ந்து செய்தார்கள். வேறு சிலர் வெறுமனே இனிமையான ஒன்றைச் செய்தார்கள். முடிவில் மணவாழ்வு நிறைவாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னவர்கள் முதல் வகையினர். இனிமை மட்டும் போதவில்லை. ஆரனின் விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: புதியதைச் சேர்ந்து அனுபவிக்கும்போது மனிதர் சற்று விரிகிறார், அந்த விரிவை அருகில் இருப்பவரோடு சேர்த்தே உணர்கிறார்.

இதனால்தான் ரிசார்ட் அறையையும் நீச்சல் குளத்தையும்விடத் தரங்கம்பாடி போன்ற ஊரைச் சிபாரிசு செய்கிறேன். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-இல் வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது இங்கேதான். 1718-இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004 டிசம்பர் 26 அன்று இதே கடல் இங்குள்ள மீனவக் குடும்பங்களில் பலரை வாரிச் சென்றது. வீட்டில் சமையலில் ஒருவர் கைதேர்ந்தவர், கணக்கு வழக்கில் இன்னொருவர். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டே பழகியிருக்கும். இங்கே இருவருக்குமே ஒன்றும் தெரியாது. இருவரும் வழி கேட்கிறார்கள், சேர்ந்தே வியக்கிறார்கள், கடல் கொடுத்ததையும் எடுத்ததையும் பற்றிப் பேசுகிறார்கள். தங்கள் வீட்டைப் பற்றியல்லாத ஒரு பேச்சு அவர்களுக்கு அமைகிறது.

ஊர் திரும்பிய மறுநாளே பழைய கதைதானே என்பார்கள். உண்மைதான். 1,530 டச்சுக்காரர்களைக் கொண்டு 2010-இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே சொன்னது: விடுமுறை போய் வந்தவர்களில் மிகுந்த ஓய்வை அனுபவித்தவர்களைத் தவிர மற்றவர்களின் மகிழ்ச்சி, போகாதவர்களின் அளவிலேயே இருந்தது. ஆனால் அதே ஆய்வில், புறப்படும் முன் பயணிகளே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். எதிர்பார்ப்பே பாதிச் சுகம். எனவே எங்கே தங்குவது, என்ன பார்ப்பது என்று இருவரும் கூடித் திட்டமிடும் வாரங்களையும் பயணத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும். மனைவி தனியாகப் பெட்டி கட்டி, இட்லிப் பொடி முதல் தைலம் வரை எடுத்து வைத்து, கணவர் சாவியோடு வாசலில் நிற்பார் என்றால் அந்த 299 நிமிடம் கடற்கரைக்கும் கூடவே வந்துவிட்டது என்று பொருள்.

பணத்தைவிட விடுப்புதான் பெரிய தடை. பேருந்தில் போய் எளிய விடுதியில் தங்கலாம். ஆனால் தினக்கூலிக்குப் போகும் தம்பதிக்கு இரண்டு நாள் என்பது இரண்டு நாள் சோறு. அவர்களிடம் போய் இந்தக் கட்டுரையை நீட்ட எனக்கு மனமில்லை. சம்பளத்தோடு கூடிய விடுப்பு எல்லா உழைப்பாளிக்கும் கிடைக்க வேண்டும் என்று சொல்லாமல் திருமண நாள் பயணத்தைப் பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சு.

மீதமிருக்கும் ஆட்சேபம்தான் எனக்கு மிகக் கடினமானது: பிள்ளைகளை யார் பார்ப்பது? பாட்டி பார்ப்பார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு பெண்ணின் ஓய்வுக்காக இன்னொரு பெண்ணின் தலையில், அதுவும் வயதானவர் தலையில், வேலையை ஏற்றுவதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. கொடுத்து வாங்குவதாக இருந்தால் ஒப்புக்கொள்ளலாம். இந்த மாதம் இவர்கள் போய் வந்தால், அடுத்த மாதம் பெரியவர்கள் இருவரும் தங்கள் திருமண நாளுக்குப் போகட்டும். துணைக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். பேரப்பிள்ளைகளையும் சேர்த்து அனுப்ப வேண்டாம். அந்த இரண்டு நாளும் மகன் சமைக்கட்டும்.