அண்டை வீட்டு வாசலும் நமது காமிராவும்

ஆவடியை அடுத்த சேக்காட்டில் இன்று கடைகளிலும் வீடுகளிலும் கண்காணிப்புக் காமிராக்களைக் காண்கிறோம். ஆள் நடமாடினால் தானே பதிவு செய்து, கைப்பேசிக்கும் செய்தி அனுப்பிவிடுகின்றன. 2012-ல் தமிழக அரசே பொதுக் கட்டடங்களில் காமிரா வைக்க வேண்டுமென விதி வகுத்தது. நம் பொருளை நாம் காப்பதில் குற்றமில்லை.

ஆனால், நம் வாசலுக்கென வைத்த காமிரா எதிர்வீட்டு வாசலையும் சேர்த்துப் பார்க்கிறதே, அது கூடுமா? பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதைத் திருமறை (49:12) தடுக்கிறது. அனுமதியின்றிப் பிறர் இல்லத்தில் நுழைவதையும் (24:27) தடுக்கிறது. அனுமதி கேட்கும் முறையே பார்வையின் பொருட்டு ஏற்பட்டதென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். கால் நுழையக் கூடாத இடத்தில் கண் மட்டும் நுழையலாமா?

"நாமா பார்க்கிறோம், கருவிதானே பார்க்கிறது!" எனச் சிலர் சொல்லக்கூடும். கருவியை அப்பக்கம் திருப்பியது நம் கை. பதிவைத் திறந்து பார்ப்பதும் நாமே. அவ்வீட்டுப் பெண்கள் எப்போது வெளியே சென்றார்கள், யார் வந்து போனார்கள் என்பதெல்லாம் நம் வீட்டில் நாள்கணக்கில் சேர்ந்து கிடக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையென 2017-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

ஆகவே, காமிராவைச் சற்றே தாழ்த்தி நம் வாசற்படியோடு நிறுத்துவோம். அண்டை வீட்டாரை அழைத்துத் திரையையும் காட்டுவோம். நம் கண்ணும் எங்கே செல்கிறதென்று அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான்.