அவள் கையில் ஒரு சீட்டு

'தள்ளுதற்சீட்டு.' தமிழ் வேதாகமத்தில் இந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். ஒரு பெண்ணின் முதுகில் கைவைத்து வாசலுக்கு வெளியே தள்ளுவது கண்ணில் தெரியும். எபிரெயத்திலும் மென்மையான சொல் இல்லை. அங்கே அதன் வேர் 'வெட்டு'. உடன்படிக்கை செய்துகொள்வதையும் அந்த மொழி 'உடன்படிக்கையை வெட்டுதல்' என்றே சொல்கிறது. சேர்வதற்கும் பிரிவதற்கும் ஒரே வேர்.

உபாகமம் 24ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களை நிதானமாகப் படித்தால் ஒன்று புரியும். ஒருவன் மனைவியிடம் ஏதோ குறை கண்டு, சீட்டு எழுதி, அவள் கையில் கொடுத்து அனுப்பிவிட, அவள் இன்னொருவனுக்கு வாழ்க்கைப்பட, அவனும் அனுப்பிவிட்டாலோ இறந்துபோனாலோ... இவ்வளவும் சொன்ன பிறகுதான் சட்டம் தன் தீர்ப்பைச் சொல்கிறது: முதல் கணவன் அவளை மறுபடி மனைவியாக்கிக்கொள்ளக் கூடாது. மனைவியை விலக்கு என்று அங்கே கட்டளை இல்லை. ஊரில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததற்குச் சட்டம் ஒரு கரை கட்டுகிறது.

அந்தச் சீட்டு இல்லாதவளின் கதியை நினைத்துப் பார்க்கிறேன். வாய்வார்த்தையாக அனுப்பப்பட்டவள் இன்னொருவனோடு வாழத் தொடங்கினால், அது விபசாரம் என்று யாரும் சொல்லிவிடலாம். அதற்குத் தண்டனை மரணம். அவள் உயிருக்குக் காவல் அந்தச் சீட்டுதான்.

'ஏதோ குறை' என்றால் எந்தக் குறை? ஒழுக்கக்கேடு மட்டுமே என்றது யூத அறிஞர் சம்மாயின் பள்ளி. சமையலைக் கெடுத்தாலே போதும் என்றது இன்னொரு அறிஞர் இல்லேலின் பள்ளி. அவளைவிட அழகியைக் கண்டாலே போதும் என்றார் ரபி அகிபா. இயேசுவிடம் பரிசேயர் கேட்டதும் இதைத்தான். அவர் படைப்பின் தொடக்கத்தைக் காட்டிப் பதில் சொன்னார். இந்த வழக்கில் எந்தப் பள்ளியும் அவளைக் கூப்பிட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை. அது எனக்கு இன்றும் ஆறவில்லை. சீட்டைக் கொடுக்கும் உரிமை கணவனிடமே இருந்தது. அவன் மறுத்தால் அவள் 'அகுனா', கட்டுண்டவள். இஸ்ரேலில் யூதர்களின் மணவிலக்கு இன்றும் ரபிகளின் நீதிமன்றத்தில்தான் நடக்கிறது, அகுனாக்களும் இருக்கிறார்கள்.

ஆனால் இவ்வளவு வாதாடிய அந்தக் காரணத்துக்குச் சீட்டில் இடமே இல்லை. அதன் உயிர்நாடி எது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது: இனி நீ யாரையும் மணக்கலாம் என்ற வார்த்தை. அவன் கண்ட குறை அவனோடு நின்றுவிடுகிறது. அவள் கையில் போவது அவளுடைய நாளை மட்டும்.

சாக்கடலுக்கு மேற்கே, முரப்பாத் குகைகளில் 1950களின் தொடக்கத்தில் அப்படி ஒரு சீட்டு கிடைத்தது. அரமேய மொழியில், பாப்பிரஸ் தாளில், மசாதா கோட்டையில் எழுதியது. எழுதிக் கொடுத்தவன் யோசேப்பு, வாங்கிக்கொண்டவள் மிரியாம். ஒரே தாளில் வாசகம் இரண்டு முறை: மேலே உள்ளதைச் சுருட்டிக் கட்டி முத்திரையிட, கீழே உள்ளதை யாரும் படிக்கத் திறந்துவிட. அவள் என்ன குறை செய்தாள் என்று ஒரு வரியும் இல்லை. அவள் விரும்பும் எந்த யூதனுக்கும் மனைவியாகலாம் என்று இருக்கிறது. இந்தச் சீட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவள் கேட்கும்போது, தன் உயிர் உள்ளவரை வேறொன்று எழுதித் தருவதாகவும் யோசேப்பு அதில் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

யாரோ அதைத் தொலைக்காமல் அந்தக் குகைவரை கொண்டுவந்திருக்கிறார்கள்.