ராதாகிருஷ்ணன் சாலையில் ஹெகல்

மயிலாப்பூரின் வடக்கே கடற்கரை நோக்கி ஓடும் சாலைக்குப் பெயர் தந்த ராதாகிருஷ்ணன், 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய வேதாந்தத்தில் சங்கரரோடு ஹெகலும் குடியிருக்கிறார் என்பேன். மாயை என்றால் உலகம் வெறும் பொய் என்று அவர் கொள்ளவில்லை. காலத்துக்குள் நிகழ்வதற்கு ஒரு போக்கும் இலக்கும் உண்டு என்றார். உலகம் மெய் என்று ராமானுஜர் சொல்லவில்லையா, இதற்கு ஜெர்மனி எதற்கு என்று கேட்கலாம். (திருவல்லிக்கேணிக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள்.) நியாயமான கேள்விதான். ஆனால் ராமானுஜரிடம் உலகம் இறைவனின் உடல். படைப்பும் ஒடுக்கமும் மாறிமாறி வரும். மனித வரலாறே படிப்படியாக ஆன்மாவை மலர்த்துகிறது என்ற எண்ணம் ஹெகல் வழி வந்தது. பிரிட்டிஷ் கருத்துமுதல்வாதிகள் அதை இங்கே கொண்டுசேர்த்தார்கள்.

ராதாகிருஷ்ணனின் 'இந்தியத் தத்துவம்' இரண்டாம் தொகுதி வெளிவந்த அதே 1927இல் ஹைடெக்கரின் 'இருப்பும் காலமும்' வந்தது. காலம் நம் புலனறிவின் வடிவம் என்ற காண்ட்டின் கருத்தை ஹைடெக்கர் வேறு திசையில் இழுத்தார்: இருப்பு நமக்குப் புரிவதே காலம் என்ற தளத்தில்தான்; சாவை எதிர்நோக்கும் மனிதனுக்கு அங்கே பரம்பொருளின் ஆறுதல் கிடையாது. அந்த நூலுக்குப் பக்கத்தில் வைக்கும்போது ராதாகிருஷ்ணனின் நம்பிக்கை சற்றுச் சுலபமாகக் கிடைத்ததாகவே படுகிறது.