கண்ணில் பட்டால்தான் குற்றமா?

2014 பிப்ரவரியில், அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதியின் லிஃப்டில், அமெரிக்கக் கால்பந்து வீரர் ரே ரைஸ் தான் மணக்கவிருந்த பெண்ணைக் குத்தி வீழ்த்தினார். நினைவிழந்தவரை அவர் வெளியே இழுக்கும் காட்சி சில நாட்களிலேயே வெளியானது. ஜூலையில் என்எஃப்எல் கொடுத்த தண்டனை, 2 ஆட்டங்களுக்குத் தடை. இதற்கிடையில் மே மாதம் அந்தப் பெண்ணே செய்தியாளர்கள் முன் அமர்ந்து, அன்றிரவு தன் பங்குக்கு வருந்தினார். அணி அதை ட்விட்டரில் பதிந்தது.

செப்டம்பரில், குத்து விழும் காட்சியே வெளியானது. அன்றே அணி அவரை நீக்கியது; லீக் காலவரையின்றித் தடை விதித்தது. அவர் தங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை என்றது. மேல்முறையீட்டை விசாரித்த முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸ் அதை ஏற்காமல் தடையை ரத்து செய்தார். ஆனாலும் எந்த அணியும் அவரைச் சேர்க்கவில்லை.

ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையே குற்றம் வளரவில்லை, பார்த்தவர்கள் பெருகினார்கள். ஒரு பெண் நினைவிழந்து கிடந்ததே போதாதா? அவர் வீழும் நொடியைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியவர்கள் அவரிடம் அனுமதி கேட்டார்களா? கண்ணால் கண்டால்தான் கோபம் வரும் என்றால், கேமரா இல்லாத அறைகளில் அடிபடுகிறவர்களுக்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?