ஸ்கேனும் திசுவும்: எது காட்சி, எது கருதல்?

புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சியில், எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும் கறுப்புத் திட்டு புற்றுதானா என்று உறுதிசெய்ய, அறுவையில் அகற்றிய சுரப்பியின் திசுவோடு அதை இடத்துக்கு இடம் பொருத்திப் பார்க்கிறார்கள். இரண்டும் முரண்பட்டால் திசு சொல்வதே உண்மை என்பது எழுதாத விதி. அந்த விதிக்கு ஆதாரம் எது என்று கேட்டால், அறிவுக்கு எது அளவை என்ற பழைய தத்துவக் கேள்வியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளை முதன்மையாகக் கொள்ளும். மேலோட்டமாகப் பார்த்தால் ஸ்கேன் கருதல், திசு காட்சி. நெருங்கிக் கிடக்கும் புற்றணுக்களிடையே நீர் மூலக்கூறுகள் தாராளமாக நகர முடியாது. அந்தத் தடையைக் கொண்டு எம்.ஆர்.ஐ. புற்றை ஊகிக்கிறது. புகையைக் கண்டு நெருப்பை அறியும் அதே வழி. அழற்சியும் இதே கறுப்பைத் தரலாம் என்பதால் ஊகம் பிழைபடுவதுண்டு.

ஆனால் திசுவும் உள்ளபடியே கண்ணுக்கு வருவதில்லை. சுரப்பியின் இட வலம் தெரிய மை பூசி, ஃபார்மலினில் ஊறவைக்கிறார்கள். அது சற்றுச் சுருங்குகிறது. பிறகு சில மில்லிமீட்டர் தடிமனில் துண்டு போட்டு மெழுகில் பதிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலிருந்தும் சில மைக்ரான் சீவல்தான் கண்ணாடிக்குப் போகிறது. மிச்சச் சதையை யாரும் பார்ப்பதில்லை. உட்கருவின் ஊதாவை ஹிமடாக்ஸிலினும், சுற்றியுள்ள இளஞ்சிவப்பை இயோசினும் தருகின்றன. இரண்டும் பூசிய நிறங்கள். வெட்டும் கோணம் மாறிவிடாமலிருக்க, சில ஆய்வகங்கள் நோயாளியின் ஸ்கேனை வைத்தே முப்பரிமாண அச்சில் ஓர் அச்சுக்கூடு செய்து, அதில் சுரப்பியை வைத்து அரிகின்றன. விசாரிக்கப்படும் ஸ்கேனே சாட்சியை எப்படி வெட்டுவதென்று சொல்லிக்கொடுக்கிறது!

ஊசியால் எடுக்கும் திசுவின் நிலை இன்னும் சிக்கல். 2017-ல் வெளியான பிரிட்டனின் 'புரோமிஸ்' ஆய்வில் 576 ஆண்களுக்கு எம்.ஆர்.ஐ., வழக்கமான பயாப்ஸி, 5 மில்லிமீட்டர் இடைவெளியில் சுரப்பி முழுவதையும் துளைத்த பயாப்ஸி என மூன்றும் செய்யப்பட்டன. கடைசியதை உண்மை என்று கொண்டபோது, கவலைக்குரிய புற்றுகளில் எம்.ஆர்.ஐ. 93 சதவீதத்தைப் பிடித்தது. வழக்கமான ஊசி 48 சதவீதத்தை மட்டுமே. அத்தகைய புற்று இல்லாதவரை இல்லை என்று சொல்வதில் ஊசி 96, ஸ்கேன் வெறும் 41. திசு என்பதாலேயே ஒன்று உண்மைக்கு அருகில் வந்துவிடாது. எங்கிருந்து எடுத்தது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

ஸ்லைடைப் படிப்பவரின் அறிக்கையோ உரை அளவையில் சேரும். ஒரே ஸ்லைடுக்கு ஒரு நிபுணர் 3 என்றும் இன்னொருவர் 4 என்றும் தரம் போடுவது அரிதல்ல. இந்தத் தரவரிசையை 1966-ல் முன்வைத்த அமெரிக்க நோயியலாளர் டொனால்ட் கிளீசன், சுரப்பித் திசுவின் அமைப்பை நோயாளிகள் பின்னர் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதோடு ஒப்பிட்டே அதற்கு மதிப்புக் கண்டார். ஸ்லைடுக்கு அதிகாரம் நுண்ணோக்கியிலிருந்து வரவில்லை. நோயாளிகளுக்குப் பின்னால் என்ன ஆனது என்பதிலிருந்து வந்தது.

பொருத்தும் ஆய்வில் அந்த அளவுகோல் கைநழுவுகிறது. முழுச் சுரப்பி கிடைப்பது அறுவை செய்துகொண்டவர்களிடம் மட்டுமே. அகற்றிய சுரப்பியிலிருந்த புற்று, அப்படியே விட்டிருந்தால் பரவியிருக்குமா, உறங்கியே கிடந்திருக்குமா என்று இனி அறிய வழியில்லை. அறுவையின்றிக் கண்காணிப்பில் இருப்போரிடம் புற்றின் போக்கைத் தொடர்ந்து பார்க்கலாம். ஆனால் அவர்களுடைய ஸ்கேனோடு பொருத்த ஊசி எடுத்த துணுக்குகளே உண்டு, முழுச் சுரப்பி இல்லை.